அப்பாவின் வலது கை

14.8.2006, ஆரம்பாக்கம்
அப்பா போய் ஒரு வாரம். வங்கியிலிருந்து நாலு பேர் வந்து காபி குடித்துவிட்டு, "தேசப்பன் சார் ஒரு புலிம்மா" என்றார்கள். கும்மிடிப்பூண்டி கிளையில் முதுகுக்குப் பின்னால் "மூணு விரல் மேனேஜர்" என்று சிரித்ததும் இதே நாலு பேர்தான். எழுபத்தொன்று யுத்தத்தில் வலது கையில் இரண்டு விரல் போய், இடது கையால் கையெழுத்துப் பழகி, வங்கிக்கு வந்தவர். செத்த பிறகு புலி! வெட்கங்கெட்டவர்கள்.

17.8.2006
பதினாறாம் நாள் படத்திறப்பாம். ஏற்பாடு சுப்பிரமணி சித்தப்பா. லோன் தரவில்லை என்று அண்ணன் வீட்டு வாசலையே மிதிக்காதவர். இப்போது பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது, பாசம் பொங்குகிறது.

20.8.2006
பேனர் வந்தது. தலை அப்பாவுடையது. உடம்பு யாரோ ஒரு சிப்பாய். நெஞ்சு நிறைய மெடல். துப்பாக்கி பிடித்த வலது கையில் ஐந்து விரலும் கொழுகொழுவென்று! அப்பா போர்முனையில் செய்தது டெலிபோன் கம்பி இழுக்கும் வேலை. கீழே சித்தப்பா, அப்பாவைவிடப் பெரிதாக, கும்பிட்டபடி.

உண்மையான படத்தைப் போடச் சொல்லிக் கத்தினால், "இன்னாம்மா நீ, ஜனங்க வெரலையா எண்ணிக்கினு இருப்பாங்க?" என்கிறார்.

வீட்டில் மாட்டவும் இதே படம்தானாம். நாளை என் பிள்ளைகளுக்கு இந்த ஆள்தான் தாத்தாவா? த்தூ. அம்மா வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

22.8.2006
அம்மாதான் திரையை விலக்கினாள். பார்த்தாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"இது யாரு சுப்பிரமணி? எங்க ஊட்டுக்காரர் கை இது இல்லியே."

ஒருத்தன் சிரித்தான், பிறகு ஊரே சிரித்தது. அம்மா கையோடு கொண்டுவந்திருந்த படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். வங்கி மேசை, மேசைமேல் அந்த மூன்று விரல் கை, சிரிக்காத அப்பா. என் அம்மாவா இவள்!

9.9.2006
சித்தப்பா எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். ரொம்ப சந்தோஷம்.

6.10.2006
தேர்தலில் சித்தப்பாவை எதிர்த்து நிற்கும் சின்னதுரை வந்தார். பைக் சத்தம் கேட்டதுமே அம்மா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிட்டாள். "இவனுங்களுக்கு அவரு கை எதுக்கு?"

"நெசமான வீரரு அக்கா அவரு. அந்த மூணு வெரலு போட்டோவ குடு, ஊரெல்லாம் பேனர் வெக்கிறேன்."

"போட்டோலாம் எதுவும் இல்ல நைனா."

அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். உண்மையான படம்தான் வேண்டும் என்று வீடு அதிரக் கத்தியவள் நான்.

"இல்லைங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.