வராத புயலுக்கு ஒரு விளக்கம்

அண்ணாச்சி,

இன்று காலை துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கிறது. ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் கை தானாக டிராயரைத் திறந்தது. உங்கள் விளக்கக் கடிதத்தின் கார்பன் நகல் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இறந்த செய்தி வந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

புயல் வருமென்றால் கடற்கரை ஊர்களைக் காலி செய்வது உங்கள் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஐப்பசியில்தான் அந்த நினைப்பே வரும். நீங்களோ சித்திரை வெயிலிலேயே வேம்பார் பஸ் ஏறிவிடுவீர்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார், யாருக்கு எந்த மாதம் பேறுகாலம் என்று வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுதுவீர்கள். "புயல் அண்ணாச்சி வாராரு, குடைய எடுலே" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த புதிதில் நானும் சிரித்திருக்கிறேன்.

நீங்கள் அந்த விளக்கம் எழுதிய வருஷமும் இப்படித்தான் கூண்டு ஏறியது. அதற்கு முந்தைய தடவை லாரிகள் வெறுமனே திரும்பியிருந்தன. வலையை விட்டு வரமாட்டோம் என்று ஆண்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை விட்டுப் பெண்களும் அசையவில்லை. லாரியில் ஆட்களை மட்டும்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. நீங்கள் அதைத் தலைகீழாக்கினீர்கள்.

"மொதல்ல வலைய ஏத்துங்கலே. வலை ஏறிட்டா ஆளு தானா ஏறும்."

முதல் நடை முழுக்க வலையும் படகுப் பாயும்தான் போனது. அடுத்த நடைக்கு ஊரே லாரி முன்னால் வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

புயல் வரவில்லை. வடக்கே எங்கேயோ திரும்பிவிட்டது. வந்தது மெமோதான். மனிதரை விட்டுவிட்டு வலையை ஏற்றியது ஏன், வராத புயலுக்கு லாரி ஓட்டியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்தால் பதவி உயர்வுக்குப் பங்கம் வராது என்று மேலதிகாரி என்னிடமே சொல்லியனுப்பினார். நீங்கள் சொல்லச் சொல்ல விளக்கத்தை டைப் அடித்தேன். கடைசியில் 'வருந்துகிறேன்' என்று ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்தேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். வாசித்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டீர்கள். வேறு எந்த ஆம்பளையாவது என்னை ஏளா என்று கூப்பிட்டால் முறைப்பேன். உங்களிடம் மட்டும் முறைத்ததில்லை.

"ஏளா, வராத புயலுக்கு நான் வருத்தப்பட்டா, வார புயலுக்கு எவன் லாரி அனுப்புவான்?"

மறுபடி அடித்தேன். பதவி உயர்வு போயிற்று. கடல் வாடையே இல்லாத ஊருக்கு உங்களை மாற்றினார்கள். அங்கேயே முடிந்தும் போனீர்கள். உங்கள் மேல் தப்பில்லை என்று இந்த ஆபீஸ் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். சேதி கேட்டதும் வேம்பார்க்காரர்கள் அவர்கள் மாதா கோயிலில் உங்களுக்காகப் பூசை வைத்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷனுக்கு அங்கே பூசை நடந்தது. எனக்கு அது போதும்.

இன்று வேம்பாருக்கு லாரி உத்தரவை அடித்து, முதல் நடை வலைக்கு என்றும் சேர்த்து, புது அதிகாரி முன்னால் வைத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்றார். இரண்டு நாளில் கடல் அவர்கள் அடுப்படிக்கு வந்துவிடும் என்றேன். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். புயல் வராவிட்டால் விளக்கம் யார் எழுதுவது என்று கேட்டார்.

"நான் எழுதுதேன் சார். ஒரு வார்த்தைய மட்டும் அடிக்க மாட்டேன்."

எந்த வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

லாரி கிளம்பிவிட்டது, அண்ணாச்சி. முதல் நடை வலைக்குத்தான்.