வாசல் கேமராவும் தூண் ஓரத்துப் பெஞ்சும்

அன்பு மதினிக்கு,

நம் வாசலில் கேட்டைப் பார்த்தபடி ஒரு கேமரா வந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நாம் இரண்டு பேர் இருந்த வீட்டில் நான் தனியாக இருப்பது என் மகன் சாமுவேலுக்குப் பிடிக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வரச் சொன்னான். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வாசலில் கேமரா வைப்பது, அவன் அங்கிருந்து பார்ப்பது. படம் ஒழுங்காக வந்தால் நான் இங்கே இருக்கலாம். வராவிட்டால் பெட்டி கட்ட வேண்டும்.

படத்தை வாங்கிச் சேர்த்து வைப்பது பேரன் விட்டுப் போன கம்ப்யூட்டர். நீங்கள் பூத்தையல் துணி போட்டு மூடி வைத்தீர்களே, அதேதான். பக்கத்தில் போனாலே, "ஏளா எஸ்தர், தொடாத, ஷாக் அடிக்கும்" என்பீர்கள். இப்போது தினமும் தொடுகிறேன். அடிக்கவில்லை.

பேட்டையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் தம்பி எல்லாம் மாட்டிக் கொடுத்தார். பாஸ்வேர்டு மட்டும் நான் போட்டது. என்னவென்று உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன்.

நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. கேட் தெரிந்த இடத்தில் ஒரே கறுப்பு. சாமுவேல் உடனே கூப்பிட்டான்.

"ஒண்ணும் தெரியலம்மா. இதுக்குத்தான் சொல்லுதேன், கெளம்பி வாங்க."

தம்பி வந்து சரிசெய்தார். மறுபடி கரண்ட் போனது, மறுபடி கறுப்பு.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான். கேமராவில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது. ஒன்றுக்கொன்று ஏன் தெரியவில்லை? தம்பியிடம் போனில் கேட்டேன்.

"இன்டர்நெட் பெட்டிதான் பெரியம்மா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்கு. கரண்ட் போய் வந்தா கேமரா நம்பர் மாறிருது. கம்ப்யூட்டர் பழைய நம்பர்லயே தேடுது."

எனக்கு, ஊரே கூடிக் கோயிலில் சாப்பிடும் அசனப் பண்டிகை நினைவுக்கு வந்தது. கோயில் நிறைய வெளியூர்க்காரர்கள். நான் வெளியே பேசி நின்றுவிட்டுப் பிந்தி உள்ளே வந்து, நம் தூண் ஓரத்துப் பெஞ்சில் உங்கள் இடத்தில் முக்காடு போட்டு இருந்தவரின் காதில், "மதினி, அடுப்ப அணைச்சியளா?" என்று கேட்டேன். அவர் தூத்துக்குடிக்காரர். "எங்க வீட்டு அடுப்பையா?" என்றார். பின் பெஞ்சில் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள்.

"அந்த நம்பரை அதுக்குன்னே பிடிச்சு வைக்க முடியாதாய்யா?" என்றேன்.

"வைக்கலாம் பெரியம்மா. நாளைக்கு வாரேன்."

"வரவேண்டாம். எங்கன அமுக்கணும்னு சொல்லுங்க."

ஐந்தாம் வகுப்பில் படித்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்து, அவர் சொன்ன இடத்தில் அமுக்கினேன். பிறகு மெயின் சுவிட்சை நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கேட் வந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் வந்தது.

"சரிம்மா, அங்கனயே இருங்க" என்றான் சாமுவேல். பேத்தி தன் கூட்டாளிகளிடமெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறாளாம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? போன ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு நான் கோயிலுக்குப் புறப்படுகிறேன். கேட் வரை வந்து, நின்று, கதவைத் திரும்பிப் பார்க்கிறேன். அப்படியே நிற்கிறேன். பிறகுதான் கேட்டைத் திறக்கிறேன். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படியே.

நீங்கள்தானே பூட்டிவிட்டு வருவீர்கள். நான் கேட்டருகே காத்திருப்பேன். இன்னும் காத்திருக்கிறேன் என்பது கேமரா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

சாமுவேலும் பார்த்திருக்கிறான். "ஏம்மா கேட்டுகிட்ட நின்னு திரும்பிப் பாக்கிய? எதையாவது மறந்துட்டியளா?"

"பூட்டினேனான்னு பாத்தேன்" என்றேன்.

அங்கே பரலோகத்தில் உங்களுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள் மதினி? தூண் ஓரமா? பக்கத்தில் யார்?

இனி தெரிந்தேதான் நிற்பேன். சாமுவேல் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு ஞாயிறும் கேட்டருகே நின்று, நீங்கள் பூட்டிவிட்டு இறங்கி வரும் அளவு நேரம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

நம் வீட்டிலேயே இருக்கும்
உங்கள் நாத்தனார்,
எஸ்தர்