மேல்மாடத்தில் கேட்காத சொல்

மார்ச் 3
அண்ணன் வரைந்த புது அரங்கத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி முடித்தேன். கல் தரை, கண்ணாடிச் சுவர், வளைந்த கூரை. மேடையில் ஒரு குரலைப் பேசவிட்டு, ஒவ்வொரு இருக்கையிலும் அது எப்படிக் கேட்கும் என்று ஹெட்போனில் கேட்பதுதான் என் வேலை. கீழே கணீரென்று இருக்கிறது. மேல்மாடத்தில், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல.

மார்ச் 5
அபாய அறிவிப்பை ஓட்டிப் பார்த்தேன். "இடப்பக்கப் படியில் இறங்க வேண்டாம்." மேல்மாடத்தில் "இறங்க" என்பதன் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இடப்பக்கப் படியில் இறங்க... அவ்வளவுதான். "வேண்டாம்" காணோம். கம்ப்யூட்டரிலேயே எல்லா இருக்கைகளிலும் ஆட்களை உட்காரவைத்தும் பார்த்தேன். ம்ஹூம்.

மார்ச் 9
அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டான். எதிரொலியை உறிஞ்சும் பலகைகளைக் கூரையில் அடித்தால் அந்த வளைவு மறைந்துவிடுமாம். "கம்ப்யூட்டர் உளறுறதுக்கெல்லாம் என் கூரையை மூடச் சொல்றியாம்மா?"
உளறுவது கம்ப்யூட்டரா?

மார்ச் 12
அவனைத் தாண்டி அரங்க உரிமையாளரிடமே போனேன். திறப்பு விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார். இது அண்ணன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

மார்ச் 13
அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

மார்ச் 27
நாளை திறப்பு. முன்வரிசை பெரிய மனிதர்களுக்குப் போய்விட்டதாம், அண்ணிக்கு மேல்மாடம். போகாதீங்க என்றேன். அண்ணன் தங்கை சண்டையில் என்னை இழுக்காதே என்று சிரித்தாள். நானும் போகிறேன், அவள் பக்கத்தில் உட்கார.

மார்ச் 30
எழுத வரவில்லை. இடப்பக்கப் படிக்குக் கீழே ஒயர் பற்றிக்கொண்டது. புகை. அறிவிப்பு வந்தது. மேலே இருந்தவங்க எல்லாம் எழுந்து — நேரா இடப்பக்கம்தான் போனாங்க. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வரிசைகள் மட்டும் திரும்பின. அண்ணி கையை நான் விடவே இல்லை. முன்னால் போனவங்கள்ல சிலர் வரவே இல்ல.

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரியில், இருமலுக்கு நடுவே அண்ணி கேட்டாள்: "உன் அண்ணனுக்கு முன்னாடியே தெரியுமா?"
மழுப்பியிருக்கலாம். "தெரியும் அண்ணி" என்றேன்.


ஏப்ரல் 11
அண்ணி என் வீட்டில்தான் இருக்கிறாள். மாலையில் அண்ணன் வந்தான். சவரம் செய்யாத முகம், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். அறைக்குள்ளிருந்து, அவனுக்கும் கேட்கும்படியே அண்ணி சொன்னாள்: "தூங்கிட்டேன்னு சொல்லு."
சொன்னேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.