எஸ்பியர்க்கில் உடைத்த தேங்காய்

உன் கையுறைகளில் ஒன்றை முந்தநாள் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. நீ இருந்திருந்தால் நீயே கழற்றிக் கொடுத்திருப்பாய். பிறகு எங்கள் ஊர் பிராண்டே வரும்வரை வழி முழுவதும் கை குளிருது, கை குளிருது என்று என் உயிரை எடுத்திருப்பாய். மற்றது இப்போது என் மேசையில் கிடக்கிறது. இடது கைக்குரியது, எந்தச் சேதமும் இல்லாதது. கொடுத்தது வலது கைக்குரியது, பெருவிரல் இல்லாதது.

நீ கண்ணை மூடிய பிறகு உன் அலுமாரியை ஒதுக்கும்போது உன் மகள்தான் இந்தச் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறைகளை எடுத்துக் காட்டினாள். இது கிழிஞ்சு போச்சு, எறியட்டோ என்று டேனிஷில் கேட்டாள். நான் பறிக்காத குறையாக வாங்கி என் கைப்பைக்குள் வைத்தேன். அது கிழிந்ததல்ல, நீ சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியது என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. நீ அதை வெட்டிய வருடம் அவள் வண்டியின் பின்சீற்றில் நித்திரையாகிவிடும் வயது.

யுத்தம் முடியப்போகிற மாதங்கள் அவை. முடியப்போகிறது என்று அப்போது நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வன்னியில் சனம் முழுவதையும் துரத்தித் துரத்திக் கடைசியில் ஒரு கீற்றுக் கடற்கரையில் அடைத்திருந்தார்கள். அதற்குள் உன் தங்கச்சி, அவளின் இரண்டு பிள்ளைகள், உன் அம்மா. நாங்கள் இங்கே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, இரண்டு பெரிய பாலங்களையும் கடந்து, கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் உள்ள கல் முற்றத்தில் போய் நின்றோம். ஆராவது வாருங்கள், வந்து நிறுத்துங்கள் என்று கத்தினோம். அமெரிக்கா வரும் என்றார்கள். ஐரோப்பா முழுவதும் சேர்ந்து வரும் என்றார்கள். எங்களுக்குள் கடலில் தொழில் செய்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் கப்பல் எந்த வழியால் போனால் கெதியாய் முல்லைத்தீவுக்குப் போய்ச் சேரும் என்று எல்லோரும் விளக்கம் சொன்னோம்.

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வன்னியிலிருந்து யாருக்காவது அழைப்பு வந்தால் அவர் அதைப் போனின் ஒலிபெருக்கியில் போட்டுத் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். கத்துகிறவர்கள் நிறுத்த வேண்டும். ஒருவருக்கு வந்த குரல் எல்லோருக்கும் வந்த குரல். எங்கள் வீட்டாரின் பெயர் அதில் வராதா என்று எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். நீ உன் கையுறையை வெட்டியது அதற்குத்தான். தடித்த கம்பளியோடு அந்தச் சின்னப் பொத்தான்களை அமத்த முடியாது. கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாய்.

பிறகுதான் அந்தக் கப்பல் கதை வந்தது.

எஸ்பியர்க் துறைமுகத்துப் பக்கம் வேலைசெய்யும் ஒருவர் பெரிய கப்பல் ஒன்றையும், கரையில் வெள்ளைப் படங்கு போர்த்திய பெட்டிகளையும் கண்டிருக்கிறார். அவர் கண்டது அவ்வளவுதான். செய்தி பிராண்டேக்கு வந்துசேரும்போது பெட்டிகளுக்குள் மருந்தும் மாவும் வந்துவிட்டன. பின்னேரம் தேத்தண்ணீர் குடித்து முடிவதற்குள் டேனிஷ் கடற்படையும் காவலுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. என் வீட்டில் விளக்கேற்றினேன், பொய் சொல்ல மாட்டேன். அன்றுதான் வன்னியிலிருந்து உன் தங்கச்சியும் போன் எடுத்தாள். நீ அழுதுகொண்டே சொன்னாய், எஸ்பியர்க்கில் கப்பல் ஏத்திக்கொண்டு நிக்குது, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று. பின்னால் உன் அம்மா ஏதோ சொல்வது கேட்டது. அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்குமாம் என்று தங்கச்சி எடுத்துச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை உன் பழைய வான் வண்டியில் நாங்கள் எஸ்பியர்க் போனோம். வெறுங்கையோடு போவோமா? கப்பலை வழியனுப்ப நிறைகுடம், தேங்காய், கற்பூரம், மாலுமிகளுக்கு ஒரு பெரிய சருவச்சட்டி நிறைய உளுந்து வடை. பின்னால் இன்னும் நாலைந்து கார்கள். நீ வழமைபோல் வானை மாட்டைத் துரத்திச் சாய்ப்பதுபோல ஓட்டினாய். நிறைகுடத்தை மடியில் வைத்திருந்த எனக்கு அரைவாசித் தண்ணீர் உடுப்பில். அந்த வழி முழுவதும் நாங்கள் சிரித்துக்கொண்டே போனோம்.

கரையில் கப்பல் நின்றது உண்மை. பெட்டிகளும் நின்றன. நீ வானை விட்டு இறங்கி, பெட்டிகளைப் பார்த்தபடியே நின்றுவிட்டாய். காற்று ஒரு படங்கின் ஓரத்தைத் தூக்கியது. நீ கிட்டப் போய் அதை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாய். உள்ளே இருந்தது காற்றாலையின் தலைப்பகுதி. பிராண்டேயில் நீ வேலைசெய்த தொழிற்சாலை மண்டபத்தில், உன் கையும் பட்டு, வயர் பொருத்தி வெளியே போன சாமான். கப்பல்காரர் ஒருவர் வந்து என்ன விசயம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீ எங்கே போகிறது என்று கேட்டாய். இங்கிலாந்துப் பக்கம், கடலுக்குள் காற்றாலை நடுவதற்கு என்றார்.

எனக்கு உடனே திரும்பிப் போய்விட வேண்டும்போல் இருந்தது. நீ என்ன செய்தாய்? சருவச்சட்டியின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாய். அவர் ஒரு வடையை எடுத்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, "தக்" என்று டேனிஷில் நன்றி சொன்னார். நீ சட்டியையே அவர் கையில் கொடுத்துவிட்டாய். பிறகு கற்பூரம் கொளுத்தி, அந்தக் காற்றில் அது அணைய அணைய மறைத்துப் பிடித்துக்கொண்டு, கரைக் கல்லில் தேங்காயை அடித்தாய். ஒரே அடியில் இரண்டாகியது.

"உனக்கென்ன விசரோடி," என்று கேட்டேன்.

"போறது கப்பல்தானே. அதில போறவைக்கும் தாய் தேப்பன் இருப்பினம். பத்திரமாப் போகட்டும்," என்றாய்.

என் வாழ்க்கையில் கோயில்கள் எத்தனையோ கும்பிட்டிருக்கிறேன். அன்று அந்த எண்ணெய் மணக்கும் கரையில், முகம் முழுவதும் கண்ணீரோடு வேறு யாருக்கோ போகிற கப்பலுக்குத் தேங்காய் உடைத்த உன்னைப் பார்த்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கூட வந்த கார்க்காரர்கள் அப்படி இல்லை. இது வேற கப்பல், எங்கட கப்பல் வேறு துறைமுகத்தில் நிற்கும் என்று அவர்கள் கதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். நீ மட்டும் திரும்பும் வழியில் வானை மெதுவாக ஓட்டினாய்.

அதற்குப் பிறகு நீ போனைக் கையைவிட்டு வைக்கவில்லை. நீயாக எடுக்க வழியில்லை, அவர்கள் எடுத்தால்தான் உண்டு. அழைப்பு வந்தது, ஒரு பின்னேரம், பாராளுமன்ற முற்றத்தில், எல்லோரும் சுற்றி நிற்கும்போது. நீ தனியே போய்க் கதைத்திருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வழக்கப்படி ஒலிபெருக்கியில் போட்டுத் தலைக்கு மேலே பிடித்தாய். முற்றம் அடங்கிப் போனது.

"அக்கா, கப்பல் வெளிக்கிட்டுட்டுதோ? அம்மா கேக்கிறா."

பின்னாலிருந்து ஒரு அண்ணை, எங்களையெல்லாம் கூட்டிவந்தவர், ஓம் எண்டு சொல்லு பிள்ளை என்று மெல்லிய குரலில் கெஞ்சினார். அவரில் பிழை இல்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்க விரும்பினோம். நீ போனை இறக்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாய்.

"கப்பல் இல்லையடி. நான் நேர போய்ப் பாத்தனான். நான் உனக்குச் சொன்னது பிழை. ஒருத்தரும் வரேல்லை. வழி கிடைக்கிற உடன அம்மாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு. எங்களை நம்பி நிக்காத."

மறுபக்கத்தில் எங்கோ தூரத்தில் ஏதோ விழுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி அக்கா," என்றாள். தொடர்பு அறுந்தது.

யாரோ ஒரு பெண், உன்ர வாயால இதைச் சொல்ல எப்பிடி மனம் வந்தது என்று அழுதாள். இன்னொருவர் அதைவிடப் பொல்லாத சொல் ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்காவது இருத்தலாம் என்று வந்தேன். நீ போனைச் சட்டைப்பைக்குள் வைத்தாய். கீழே கிடந்த பதாகையின் ஒரு நுனியை எடுத்து, மற்ற நுனியை என்னிடம் நீட்டி, "பிடி," என்றாய். பிடித்தேன். நீ கத்தத் தொடங்கினாய். வாருங்கள், வந்து நிறுத்துங்கள் என்று, அந்த மாதங்களில் நான் உன்னிடம் கேளாத ஒரு குரலில். விட்டுப் போகப் பார்த்தவர்களும் திரும்பி வந்து சேர்ந்து கத்தினார்கள். உன்னை ஏசினவரும் கத்தினார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் எப்படி அப்படிக் கத்தினாய் என்று. நீ யன்னலுக்கு வெளியே பாலத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"கேக்கிறது எங்கட வேலையடி. நம்பிக்கொண்டு குந்தியிருக்கிறது அவளின்ர வேலையில்லை."

எனக்கு அது அன்றைக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கியது உன் நெஞ்சின் அளவு மட்டும்தான். ஒரு மனுசி ஒரே பின்னேரத்தில், ஒரே வாயால், நம்பி நிக்காத என்றும் வாருங்கள் என்றும் சொல்லக்கூடும் என்று நான் கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. கொழும்பில் வெடி கொளுத்தினார்கள், நாங்கள் அந்த முற்றத்துக் கல்லில் சும்மா இருந்தோம். கன நாட்களுக்குப் பிறகு முட்கம்பி முகாமொன்றிலிருந்து உன் தங்கச்சியின் குரல் வந்தது. நீ கதைத்த அடுத்த கிழமையே, பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீருக்குள்ளால் கடந்து வந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் உயிரோடு. அம்மா வரவில்லை. அம்மா கப்பலில் வாறன் என்று இருந்துவிட்டாவாம். முதல் சொன்னதுதான் உண்மை, இரண்டாவதை ஆரோ பயப்படுத்திச் சொல்ல வைத்திருக்கினம், என்ர பிள்ளை அப்பிடிச் சொல்லாள் என்றாவாம். பிறகு அம்மாவைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

உன் சமையலறையில் நான் நின்றேன். நீ மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் கேட்டாய். போனை வைத்துவிட்டு, "ரெண்டும் நான் சொன்னதுதானே," என்றாய். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வைகாசியும் அதே முற்றத்துக்குப் போனாய். கூட்டம் குறைந்து குறைந்து ஒரு பஸ், பிறகு உன் வான் மட்டும் என்று ஆனது. வருத்தம் வந்து, மருந்தேற்றி, தலைமயிர் கொட்டிய வருடமும் தொப்பியோடு போய் நின்றாய். யார் வரப்போகினம் என்று உன் மகள் கேட்டாள். ஒருத்தரும் வராட்டிலும் கேட்டது கேட்டதுதான் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டாய். உன் பெட்டியைத் தூக்கிய அன்று உன் தங்கச்சியின் பெட்டைப்பிள்ளை, நெஞ்சளவு தண்ணீரில் தோளில் இருந்து வந்தவள், வவுனியாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

இனி முந்தநாள் கதை. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் என் மகள் வீட்டில் நின்றேன். சும்மா ஒரு அலுவலாக ரயிலேறி நகரத்துக்குள் போனபோது கால் தானாகவே அந்த முற்றத்துக்குப் போனது. ஈரப் பனி கொட்டியது. அங்கே வேறொரு நாட்டுச் சனம். அவர்களுடைய அரசு தெருவில் இறங்கிய சொந்தப் பிள்ளைகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. உலக நாடுகளே வாருங்கள் என்று டேனிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிடித்திருந்தார்கள். எழுத்தின் தடிப்புக்கூட எங்களுடையதுபோலவே இருந்தது.

ஓரத்தில் ஒருத்தி, அன்றைக்கு எங்களுக்கு இருந்த வயது, வெறுங்கையில் போனைப் பிடித்தபடி நடுங்கினாள். விரல்கள் சிவந்திருந்தன. நான் என் பையிலிருந்த உன் கையுறையை எடுத்து நீட்டினேன். பெருவிரல் இல்லாத இடத்தைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள், உடனே விளங்கிக்கொண்டு மாட்டினாள். நாங்களும் இதே இடத்தில் நின்றோம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைத் தேடிப் பார்த்தாள். எங்களுடையதுபோல உடைந்த டேனிஷில், தன் தம்பி அங்கே தெருவில் நிற்கிறான், வெளிநாட்டுக்காரர் வருகிறார்களா, நாங்கள் இன்னும் வெளியே நிற்பதா என்று கேட்கிறான், நான் அவனுக்கு என்ன சொல்ல என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லு என்று கெஞ்சிய அந்த அண்ணையின் குரல் காதில் கேட்டது. ஓம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உன் தங்கச்சியும் அவள் பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்தார்கள். உன் அம்மாவும் வந்தா.

தம்பியிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். இங்கே நாங்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறோம், ஆனால் எங்களை நம்பி அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவள் உன் கையுறையின் ஓட்டைக்குள்ளால் பெருவிரலை நீட்டி எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதி அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுக் குனிந்து, கீழே நனைந்து கிடந்த பதாகையின் நுனியை எடுத்தாள். மற்ற நுனியை எடுக்க ஆளில்லை. நான் எடுத்தேன். அவர்களுடைய மொழியில் அவள் கத்தியதை அப்படியே திருப்பி நானும் கத்தினேன். ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. வாருங்கள் என்றுதான் இருக்க வேண்டும்.