வீதிக் காவல் குழு பிடித்த முதல் ஆள்

அன்பு மகள் ஜோஸலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மாண்டரின் ஆரஞ்சுப் பறிப்பு மும்முரம், ஊரெல்லாம் பழ வாசனை. நம் ஆற்றோர வீதிக்கு இப்போது காவல் குழு வந்திருக்கிறது, அதைத்தான் உனக்கு விவரமாக எழுத வேண்டும். பார்பிக்யூ அடுப்பின் கேஸ் சிலிண்டர் இரண்டு காணாமல் போனதும், வீட்டுத் தரகன் நெவில் ப்ரௌஸ் ஊரைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டான். உள்ளூர்க் கூட்டுறவு என்று சொல்லி ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினான். டயர் கடைக்காரர் டார்ச் கொடுத்தார். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப் கூட்டம் நடத்த இடம் கொடுத்தது, பீரை மட்டும் அங்கேயே வாங்க வேண்டுமாம். மினுமினுக்கும் மேல்சட்டைகள் சவ அடக்க நிலையத்தின் உபயம், முதுகில் பெரிய எழுத்தில் "கடைசிவரை உங்கள் துணை" என்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு இவர்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா, "எனக்கு இன்னும் நேரம் இருக்குப்பா, போயிட்டு அப்புறம் வாங்க" என்றார். எச்சரிக்கைப் பலகைகள் நெவிலின் செலவு, ஆகவே எல்லாவற்றிலும் அவன் முகம். திருடன் பார்த்தால் பயப்படுவானோ என்னவோ, வீடு வாங்கத் தோன்றும்.

சிலிண்டரில் ஒன்று பிறகு கிளப்பின் சமையலறையிலேயே கிடைத்தது, யாரோ இரவல் எடுத்துப்போய் மறந்திருக்கிறார்கள். அதற்காகக் குழுவைக் கலைக்க முடியுமா, மேல்சட்டை வந்துவிட்டதே. வீதியில் பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் வெளிநாட்டிலிருந்து பழத்தோட்ட வேலைக்கு வந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி. அப்பாவின் நடுக்கம் நான் போனில் சொன்னதைவிட மோசம். குளியலறை நாற்காலியிலிருந்து அவரால் தானாக எழ முடிவதில்லை, என்னாலும் தூக்க முடிவதில்லை. வனுவாட்டுத் தீவுகளிலிருந்து பழம் பறிக்க வந்திருக்கும் தாரி என்பவர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர், சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து அவரைத் தூக்கிப் படுக்கையில் விட்டுப் போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார், எலுமிச்சம்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை அப்பா வழுக்கித் தரையில் விழுந்துவிட்டார். நான் தாரிக்குப் போன் செய்தேன், அவர் ஓடி வந்தார். கறுப்பு மனிதர், பொழுது சாயும் நேரம், ஓட்டம், பக்கவாட்டுக் கதவு. காவல் குழு இத்தனை நாள் காத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது போல நெவிலும் குழுவின் செயலாளர் கொலீனும் அவரை மறித்துக்கொண்டார்கள். அப்பாவின் தலையைப் பிடித்தபடி நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "ஐயா, உள்ள பெரியவர் விழுந்து கிடக்காரு, தூக்கணும்" என்று தாரி சொல்கிறார். "உன் பேரு என்ன, எந்தத் தோட்டம், அதை முதல்ல சொல்லு" என்கிறான் நெவில். கொலீன் போட்டோ எடுக்கிறாள். அப்பாவின் தலைக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த கையோடு வெளியே போனேன். "அவரை விடு நெவில். இல்லேன்னா நீ உள்ள வந்து தூக்கு" என்றேன். அவன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். தாரி உள்ளே போய்த் தூக்கினார். பிறகு இவர்கள் கூப்பிட்டிருந்த போலீஸ்காரரும் வந்து, எல்லாம் கேட்டுவிட்டு, அப்படியும் தாரியின் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாளே தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு, போலீஸ் விவகாரம் ஆகிவிட்டது, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று தாரியிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரக் கூட்டத்துக்குப் போனேன். நகர சபையிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், வீதியில் கேமரா வைக்கக் குழு மானியம் கேட்டிருந்தது. வீதிக்காரர்களின் சம்மதம் இல்லாமல் மானியம் கிடையாது என்று அவர் வாயாலேயே சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். "இதுவரைக்கும் இவங்க பிடிச்சது ஒரே ஒரு ஆளை. அவர் என் புருஷனைத் தூக்க வந்தவர். அந்தப் பிழையை இப்பவே சரிபண்ணாம எங்க வீதியில ஒருத்தரும் சம்மதம் சொல்ல மாட்டோம்" என்றேன். பின்வரிசையில் நம் வீதிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், நான் எதிர்பார்க்கவில்லை. பழத்தோட்டக்காரர் சங்கத்து ராய்ஸ் அங்கேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டு, அந்த ஆளை அனுப்பினால் அடுத்த வருஷம் உன்னிடம் ஆள் எடுக்க மாட்டோம் என்றார். நெவில் தப்பு நடந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். போட்டதும், இனிமேல் என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டான். வீதியைச் சுற்றுகிற நேரத்தில் முறைபோட்டு வந்து அப்பாவைத் தூக்குங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை நெவிலின் முறை. பழமூட்டையைப் பிடிப்பது போல் பிடிக்கிறான், முனகுவது அப்பாவா அவனா என்று தெரிவதில்லை. மேல்சட்டையை மட்டும் கழற்ற மாட்டான். அவன் தோளில் தலை சாய்த்து, முதுகில் இருக்கும் அந்த வாசகத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு அப்பா படுக்கைக்குப் போகிறார்.

தாரி வேலையில் இருக்கிறார், ஆனால் பழைய தாரி இல்லை. நான் போன் செய்தால் மட்டும் வருகிறார், வாசல் கதவு வழியாக, எல்லோரும் பார்க்க. போன ஞாயிறு அப்பா மறுபடி விழுந்தபோதும் வீதி முனையிலிருந்து ஓடாமல் நடந்தேதான் வந்தார். சீக்கிரம் வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நீ பதறாதே, டிக்கெட் விலை பார்த்து அழாதே. அப்பாவுக்குப் போன் செய்தால் குளியலறைப் பேச்சை எடுக்காதே, கிரிக்கெட்டைப் பற்றிக் கேள், அவர் மனுஷனாகிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா, ஸ்வெட்டரும் சாக்லேட்டும் வேண்டாம், முதுகைப் பலப்படுத்திக்கொண்டு வா. உனக்கும் முறை போட்டு வைத்திருக்கிறேன். கர்த்தர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா கிளெனிஸ்