சும்மா இருப்பவள்

“உங்க அண்ணன்தான் எழுதிக் குடுத்துட்டாரே, வூட்ல பொண்ணு சும்மாதான கீது, இனிமே நர்ஸு வாணாம்னு. உன்னாண்ட சொல்லலையா?”

டெனிசன் அண்ணா, காலையில் மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் அன்னபுஷ்பம் சிஸ்டர் என்னைக் கேட்டது இது. தெரிந்தவள் போலத் தலையாட்டி வைத்தேன். மூன்று வாரமாக அவரை வீட்டுப் பக்கம் காணோமே என்று நான் புலம்பியபோதெல்லாம், “லீவுல இருப்பாங்க” என்றாயே.

கஞ்சி அடுப்பு மேல் இருக்கிறது. தண்ணீராகக் கரைத்து, அம்மாவின் தலையை உயர்த்தி, ஸ்பூனால் கொடு. நான்கு மணிக்கு வலப்பக்கம் திருப்பிப் படுக்க வை. நீ ஷிப்ட் முடிந்து வரும்வரை பக்கத்து வீட்டு எழிலரசி அக்கா உட்கார்ந்திருப்பார். அம்மா “சிஸ்டர் எங்க?” என்று கேட்டால் நீயே பதில் சொல்.

சிஸ்டர் முதுகுப் புண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கை கால் பயிற்சி கொடுக்கும் சார் அதைப் படித்துவிட்டுத்தான் அம்மாவின் காலைத் தொடுவார். டாக்டர் இரண்டையும் பார்த்து மருந்தை மாற்றுவார். அப்படித்தான் வாதத்தில் படுத்த அம்மா மறுபடி டம்ளர் பிடித்தாள். சிஸ்டர் வரும் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கும் படிக்க இரண்டு மணி நேரம் கிடைத்தது. புத்தகத்துக்குள் பனி பெய்யும் ஊர்களில் நடந்துவிட்டு வருவேன். உனக்கு அது சும்மா இருப்பது.

லைப்ரரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பாதிதான் படித்தேன். ஆறு மணி பஸ்ஸில் வருவேன்.

ஜோவிதா

பி.கு.: எழுதிக் கொடுத்தவரே நேரில் வந்து கேட்டால் சிஸ்டரை மறுபடி அனுப்புவார்களாம். நோட்டு அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. நாளை உனக்கு ஆஃப்தானே, அதை எடுத்துக்கொண்டு ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறாயா, அண்ணா?