எரிமலை வாயிலிருந்து திரும்பியவளுக்கு

அன்புள்ள மெலிசா,

உன் தோள்மூட்டு இப்போது எப்படி இருக்கிறது? வலது கையால் சாப்பிட முடிகிறதா?

நேற்று உங்கள் பேராசிரியர் வெக்ஸ்போர்ட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து, பாலைவனத்தில் நடந்ததை முழுவதும் சொன்னார். எல்லோரும் எரிமலை வாயின் விளிம்பில் நின்று பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அபிசாவின் காலடியில் மண் சரிந்ததாம். நீ குப்புற விழுந்து அவளுடைய கையைப் பிடித்தாயாம். தோள்மூட்டு விலகிய பிறகும் நீ விடவில்லை, அவளுடைய கைதான் வழுக்கிப் போனது என்றார்.

செத்தவீட்டில் அங்கிள் எல்லோர் முன்னாலும் உன்னிடம், "பிடிச்ச கையை ஏன் பிள்ளை விட்டனீ?" என்று கேட்டார். நீ எழுந்து போய்விட்டாய். அதன் பிறகு வரவே இல்லை.

இன்று காலை அங்கிள் அஜின்கோர்ட்டுக்கு வந்து, உங்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே திரும்பிவிட்டார். "அந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது?" என்கிறார்.

அதனால் நீ வா. உன்னைக் கண்டதும், என் பிள்ளை வரவில்லை, இவள் மட்டும் வந்துவிட்டாள் என்று என் மனம் நினைக்காது என்று என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் வா. அவளைக் கடைசியாகப் பிடித்திருந்த கையை நான் ஒருமுறை பிடிக்க வேண்டும்.

உன் அன்ரி